சாவிக்காரரின் கடைசி அழைப்பு

இயக்குநர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, தொலைபேசியில் ஒன்பதை அழுத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது.

கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம். நான்கு மணிக்கு அவருக்குப் பிரிவுபசாரம். சுகாதாரத் துறைச் செயலாளரே வருகிறார்.

அதற்கு முன் ஒரு பயிற்சிப் பெண்ணின் தேர்வு பாக்கி இருந்தது. அதை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க இயக்குநருக்கு மனம் வரவில்லை.

"கடைசி நாள்லயாவது அந்தச் சாவிக்காரரை விட்டுடுங்க மேடம்," என்று மேலாளர் சற்று முன்புதான் வாசலில் நின்று கிண்டலடித்திருந்தார். "பாவம், அவருக்கும் இந்நேரம் அம்பது வயசு ஆகியிருக்கும்!"

"அம்பத்து மூணு," என்றார் இயக்குநர்.

மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். மேடம் ஜோக் அடிப்பது அபூர்வம்.

சாவிக்காரரை அந்த அலுவலகத்தில் அறியாதவர் கிடையாது. மனம் உடைந்தவர்கள் அழைக்கும் தொலைபேசிச் சேவை அது. அங்கே நிஜ அழைப்பை எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு தடவை சாவிக்காரரோடு பேசித் தேற வேண்டும். இயக்குநரே இந்த அறையில் உட்கார்ந்துகொண்டு அவராகப் பேசுவார்.

வயது இருபத்திரண்டு. முப்பத்தொரு வருடமாக அதே இருபத்திரண்டு.

சாவிக்காரர் அழமாட்டார். சாகப் போகிறேன் என்று சொல்லமாட்டார். ஊர்க்கதை பேசிவிட்டு, கடைசியில் சாதாரணமாக ஒன்று கேட்பார். அப்படிக் கேட்கும் சாவிக்காரர் இனித் திரும்பி வரப்போவதில்லை என்பது எதிர்முனையில் இருப்பவருக்கு உறைக்க வேண்டும்.

முக்கால்வாசிப் பேருக்கு உறைக்காது. கேட்ட கேள்விக்குச் சமர்த்தாகப் பதில் சொல்லிவிடுவார்கள்.

பயிற்சிப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் தவறான பதில்களின் பட்டியல் உண்டு. முதல் பதில்: 'பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போங்கள்.' அதைப் படித்துச் சிரிக்காத பயிற்சி வகுப்பே இருந்ததில்லை. எந்த மடச் சாம்பிராணி இப்படிச் சொல்லும் என்பார்கள். இயக்குநரும் கூடவே லேசாகச் சிரித்துவைப்பார்.

கல்லூரியில் உளவியல் விரிவுரையாளராக இருந்தவர், அந்த வேலையை உதறிவிட்டு ஒற்றை அறையும் இரண்டு தொலைபேசியுமாகத் தொடங்கிய சேவை இது. இன்று பதினோரு ஊர்களில் கிளை. நடுவில் வெள்ள நிவாரண முகாம்களில் ஆலோசனை, பள்ளிகள்தோறும் மனநலத் திட்டம், அரசுக் குழுவின் தலைமை. எல்லாவற்றையும் மேலாளர் இரண்டு பக்கத்துக்குத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்.

மூன்றாவது மணியில் அந்தப் பெண் எடுத்தாள்.

"வணக்கம். சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்."

சாவிக்காரர் பேசினார். மாடியில் குழாய் ஒழுகுவதைச் சொன்னார். மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொள்வதைச் சொன்னார். பிறகு, போகிற போக்கில்:

"ஒண்ணுமில்ல, சின்ன விஷயம். நான் வெளிய கிளம்பறேன். வீட்டுச் சாவியை எங்க வைக்கட்டும்?"

எதிர்முனையில் தாள் புரளும் சத்தம். புத்தகத்தில் தேடுகிறாள் போலிருக்கிறது.

பிறகு தாள் புரள்வது நின்றது.

"எங்கயும் வைக்காதீங்க," என்றாள் பெண். "கையிலயே வச்சிக்கிட்டு அப்படியே உக்காருங்க. நான் வர்றேன்."



சாவிக்காரருக்கு அதற்கு மேல் வசனம் கிடையாது. பதில் சரியோ தப்போ, கேட்டதும் தொலைபேசியை வைத்துவிட்டு மதிப்பெண் தாளை எடுப்பதுதான் வழக்கம்.

இன்று வைக்கவில்லை.

"சீக்கிரம் வா," என்றார் சாவிக்காரர். "நீ வர்ற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன்."

பெண் உள்ளே வரும்போது கண்கள் சிவந்திருந்தன.

"வர்றேன்னு சொல்லக் கூடாதுன்னு படிச்சேன் மேடம். வாயில வந்துடுச்சு."

"நம்மால போக முடியாதும்மா. முடியாததைச் சொல்லி யாரையும் காக்க வைக்கக் கூடாது."

அது அவரே எழுதிய முதல் விதி. தாளில் 'தேறவில்லை' என்று எழுதி, கையெழுத்திட்டு, அடுத்த வாரத் தேதியைக் குறித்துக் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டவள் கதவருகே நின்றாள்.

"மேடம், அந்தப் பூந்தொட்டி பதில்... நிஜமாவே யாராச்சும் அப்படிச் சொல்லியிருப்பாங்களா?"

"அவசரத்துல சொல்லிட்டா. அன்னைக்குத்தான் அவளுக்குக் கல்லூரியில முதல் வகுப்பு."

பெண் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

கூடத்தில் மேலாளர் ஒலிபெருக்கியைச் சரிபார்ப்பதற்காகத் தன் இரண்டு பக்கத்தையும் படித்துக்கொண்டிருந்தார். அழைத்த ஒரு குரலைக்கூட இவர் காது கொடுத்துக் கேட்காமல் விட்டதில்லை என்ற வரி இரண்டு தடவை ஒலித்தது.

இயக்குநர் எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன் அந்த முதல் வகுப்பு பிரமாதமாக அமைந்தது. மாணவர்கள் கைதட்டினார்கள். அதே சந்தோஷத்தோடு அவர் சாயங்காலம் வீடு திரும்பியபோது கதவு பூட்டியிருந்தது.

தம்பி எப்போதுமே அக்கா பேச்சைத் தட்டாதவன்.

பூந்தொட்டியைத் தூக்கினார். சாவி, சொன்ன இடத்தில்தான் இருந்தது.