குழாய் பதிந்த உறவு

கோயம்புத்தூரில் இப்போது பதிவு பெற்ற கை பட்டால்தான் குழாயில் தண்ணீர் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய நிரஞ்சலாவுக்கும் அவள் கணவன் தவபாலனுக்கும் இன்னும் பதிவு கிடைக்கவில்லை. அதனால் அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் செண்பகாதான் தினமும் காலையில் வந்து, குழாயில் கை வைத்துக் குடங்களை நிரப்பிக் கொடுப்பாள். தவபாலன் அவளிடம் சிரித்துச் சிரித்துப் பேசுவான். நிரஞ்சலாவுக்கு வயிறு எரியும். ஆனால் உலை வைக்கத் தண்ணீர் வேண்டுமே, என்ன செய்வாள்?

தொண்ணூறாம் நாள் குழாயே வாய் திறந்தது. "தினமும் கை வைக்கும் செண்பகாவை இந்த வீட்டுக் குடும்பத் தலைவியாகவும், வாடகைதாரர் தவபாலனை அவர் கணவராகவும் பதிந்துள்ளோம்."

தவபாலன் கை நீட்டினான். தண்ணீர் கொட்டியது. "பேர்தானே, விடும்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே ஆசை தீர முகம் கழுவினான்.

செண்பகாவுக்குத்தான் கூச்சமாகப் போயிற்று. "மாத்தச் சொல்லி எழுதுனா ஆறு மாசம் குழாய மூடிப்போடுவாங்க கண்ணு. உன்னய என்ற தங்கச்சின்னு சேத்தட்டுமா? உன் கைக்கும் தண்ணி வருமல்லோ."

நிரஞ்சலா வெறுங்குடத்தைப் பார்த்தாள். "சேருங்கோ அக்கா" என்றாள்.

அன்று தன் கையால் பிடித்த தண்ணீரிலேயே சமைத்துப் பரிமாறினாள். தவபாலன் சாப்பிட்டு எழுந்தபோது அவனுடைய பாயும் தலையணையும் முன்னறையில் கிடந்தன.

"இதென்னப்பா?"

"அக்கான்ர புருசனோட ஒரே அறையில படுக்கிறது வடிவில்லை, அத்தான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள் நிரஞ்சலா.