கலையாத சபை

"இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று நாலாவது தடவையாக மண்டபம் கத்தியது. மேடையில் ஃபுசாயே டீச்சரின் கண்களிலிருந்து நீர் வழிந்தது.

அதைப் பார்த்து, முன்வரிசையில் இருந்த மாணவி லூர்தெஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு விஷயம் தெரியாது. டீச்சருக்கு முழங்காலுக்குக் கீழே எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை.

டீச்சர் வாசிக்கும் கோத்தோ ஆளைவிட நீளமான ஜப்பானிய மரவாத்தியம். மேலே பதின்மூன்று தந்திகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னக் கட்டை. கட்டையை நகர்த்தினால் சுரம் மாறும். வாசிப்பவர் அதன் முன்னால் மண்டி போட்டுக் குதிகால்மேல் உட்கார வேண்டும். அங்கேதான் சிக்கல். உடம்பின் பாரம் முழுக்கக் கணுக்காலில் இறங்கி, ரத்தம் போகிற வழியை அடைத்துவிடும்.

பிரேசிலின் சாவோ பாலோவில் இருபத்திரண்டு வருஷமாகப் பாடம் எடுக்கும் டீச்சர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கையகலத்தில் ஒரு குட்டி மணை. அதைக் கிமோனோவுக்குள் மறைத்து அதன்மேல் உட்கார்ந்தால் பாரம் மணைக்குப் போகும், கால் பிழைக்கும். மாணவிகளிடம் மட்டும், "கால் மரத்துப்போறதெல்லாம் மனசோட பலவீனம்" என்பார். இன்றைக்கு அந்த மணை வீட்டுச் சமையலறை மேசையில் கிடந்தது.

இன்று பார்த்துத்தானா! ஜப்பானியர் சங்கத்தின் சனிக்கிழமை அறை இனி கோத்தோ வகுப்புக்கா, கரோக்கி குழுவுக்கா என்பதைக் கச்சேரி முடிந்ததும் தலைவர் ஒஸ்வால்டோ கிகுச்சி சொல்வதாக இருந்தார்.

"உங்ககிட்ட எட்டுப் பேர், அவங்ககிட்ட எண்பது பேர். நான் என்ன பண்றது டீச்சர்?" என்று காலையிலேயே கையை விரித்துவிட்டார்.

"எண்பது பேரையும் வரச் சொல்லுங்க" என்றார் டீச்சர் சூடாக. "ஆனா நாற்காலி கிடையாது. முறைப்படி பாயில மண்டி போட்டு உக்காரணும். மைக்கைப் பிடிச்சுக்கிட்டு ஆடற ஆளுங்களுக்கு அதெல்லாம் எங்க முடியப்போகுது!"

"எங்க தாத்தா ஜப்பான்ல கப்பல் ஏறி வந்தவர் டீச்சர். எங்க ரத்தத்துலயே இருக்கு அது" என்று தலைவர் மார்தட்டினார்.

இப்போது எழுந்தால் டீச்சர் கோத்தோமேல் குப்புற விழுவார். பதின்மூன்று கட்டையும் சாயும், கூடவே வகுப்பும் சாயும். அதனால் சபையை வணங்கிவிட்டு ஐந்தாவது பாட்டை ஆரம்பித்தார்.

அது முடிந்து, அடுத்த பாட்டுக்குச் சுரம் மாற்றும்போது ஒரு தந்திரம் பிடிபட்டது. தூரத்துக் கட்டையை எட்டிப் பிடித்தால் இடுப்பு எழும்பும், பாரம் குறையும், கணுக்காலுக்குள் கொஞ்சம் ரத்தம் ஓடும். டீச்சர் பதின்மூன்று கட்டைகளையும் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் எட்டி எட்டி நகர்த்தினார். முதலில் காலில் எறும்பு ஊர்ந்தது. அப்புறம் ஊசி குத்தியது. அப்புறம் பெருவிரல் அசைந்தது.

அவர் முன்னால் சாயும்போதெல்லாம் சபையும் பக்தியோடு முன்னால் சாய்ந்தது. பின்கட்டில் சுடச்சுடப் பொரித்து வைத்த பாஸ்தெல் பலகாரம் ஆறிப்போயும் ஒருவரும் எழுந்து போகவில்லை. வாசலில் மாட்டியிருந்த தலைவரின் கோட்டுக்குள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இசை மனுஷரை இப்படியா கட்டிப்போடும் என்று டீச்சருக்கே வியப்பாக இருந்தது.

ஆறாவது பாட்டு முடிந்ததும் மெல்ல எழுந்தார். கால்கள் தாங்கின. ஆடாமல் நின்று வணங்கி, "இத்தோட முடிச்சுக்கறேன்" என்றார்.

எண்பது முகங்களும் வெளுத்தன.

"ஐயையோ, முடிச்சுடாதீங்க டீச்சர்!" ஒஸ்வால்டோ இருந்த இடத்திலிருந்தே அலறினார். "சனிக்கிழமை ரூம் உங்களுக்குத்தான். இத்தனை பேர் சாட்சியா சொல்றேன். வேணும்னா ஞாயித்துக்கிழமையும் எடுத்துக்குங்க!"

டீச்சருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மேடை ஓரத்துக்கு வந்து அவர் பக்கமாகக் குனிந்தார். "என் வாசிப்பு உங்களுக்கு அவ்வளவு பிடிச்சிருக்கா?"

தலைவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு வாசிங்க டீச்சர். எனக்கு இப்பதான் வலது கால் வந்திருக்கு."