கழலாத மோதிரம்

எக்ஸ்ரே எடுக்குமுன் மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். செண்பகவல்லியின் விரல் வீங்கியிருந்ததால் அவள் மோதிரம் வரவில்லை. அதுவும் சேர்ந்து படத்தில் விழுந்தது.

படம் பார்த்து நோய் சொல்லும் கணினி சட்டென்று, "முடக்குவாதம்" என்றது.

மோதிரத்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "எந்த எலும்பைப் பார்த்துக் கண்டுபிடிச்சீங்க, ஐயா?"

"எலும்பை யார் பார்த்தா? உன்னைப் பார்த்தேன். மோதிரத்தோட வர்ற கையிலதான் நோய் இருக்கும். ஆயிரம் படம் பார்த்துப் படிச்சது."

மோதிரம் யோசித்தது.

"எனக்கு முன்னாடி முழங்கால் வீங்கி நொண்டிக்கிட்டு வந்த அம்மா வெளியில சோப்புப் போட்டு, அழுதுக்கிட்டே மோதிரத்தைக் கழட்டினாங்களே, அவங்களுக்கு என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போகலாம்னு சொன்னேன்." கணினியின் குரல் இறங்கியிருந்தது.

"உடனே கூப்பிடுங்க ஐயா. அந்த முழங்காலோட அவங்க இன்னும் படி இறங்கியிருக்க மாட்டாங்க."