சர்க்கரையின் கதை

நேர்காணல் அறைக்குள் நுழைந்ததுமே அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் மேனேஜர் அம்மா. அவருக்குப் பக்கத்தில், கழுத்தில் கம்பெனி அட்டையோடு... சர்க்கரை!

சாட்சாத் அதே சர்க்கரைதான். பழைய கம்பெனியில் அவளுடைய டீம் லீடர். இனிக்க இனிக்கப் பேசுவார் என்பதால் தோழிகள் சேர்ந்து வைத்த பெயர். ஆஸ்பத்திரிகளில் டோக்கன் கொடுக்கும் ஆப் ஒன்றை அவள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுத, அதைத் தான் எழுதியதாக மேலிடத்தில் காட்டிப் பதவி உயர்வு வாங்கிக்கொண்ட புண்ணியவான்.

அப்புறம் குழந்தை பிறந்து அவள் வீட்டோடு இருந்துவிட்டாள். இப்போது குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. வேலைக்கு விண்ணப்பித்தால், "நடுவுல இத்தனை வருஷம் சும்மாவா இருந்தீங்க?" என்று போனில் கேட்டு வைத்துவிடுகிறார்கள். கைக்குழந்தையை வளர்த்தவளைப் பார்த்து இப்படிக் கேட்க எப்படித்தான் வாய் வருகிறதோ!

நேரில் கூப்பிட்டது இந்த ஒரு கம்பெனிதான். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். நேர்காணல்தான் பாக்கி. இதுவும் போனால் இனி விண்ணப்பமே போடுவதில்லை என்ற முடிவோடு வந்திருந்தாள்.

நேர்காணலுக்குத் தயார் செய்தது அவள் கணவர். தொழிலே பள்ளிக்கூட வாத்தியார்.

"ஆபீஸ்ல யாரோடயாவது மனஸ்தாபம் வந்துச்சா, எப்படிச் சமாளிச்சீங்கன்னு கட்டாயம் கேப்பாங்க. என்ன நடந்தது, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செஞ்சே, என்ன பலன். நாலு பாகம். ஒண்ணை விட்டாலும் மார்க் போச்சு!"

"சர்க்கரை கதையைச் சொல்லட்டுமா?"

"அருமை! சரி, நீ என்ன செஞ்சே?"

"பாத்ரூம்ல போய் அழுதேன்."

வாத்தியார் தலையைச் சொறிந்தார். "அமைதியா உக்காந்து பேசித் தீர்த்தேன்னு சொல்லிடு."

ஒரு வாரமாக அதே மனப்பாடம். கேட்டுக் கேட்டு, குழந்தைக்கே அந்தக் கதை தலைகீழ்ப் பாடம்.

இப்போது அந்தக் கதையின் வில்லன் எதிரே உட்கார்ந்து, தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்துகிறார்!

மேனேஜர் அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார். "கூட வேலை செஞ்சவங்களோட ஏதாவது மனஸ்தாபம் வந்திருக்கா? எப்படிச் சமாளிச்சீங்க?"

கதை நாக்கு நுனியில் வந்து நின்றது. பெயர்கூடச் சொல்ல வேண்டாம். 'டீம் லீடர்' என்று ஆரம்பித்தாலே போதும், சர்க்கரையின் சாயம் வெளுத்துவிடும். இத்தனை வருஷம் மனசுக்குள் கறுவிக்கொண்டு காத்திருந்த நாள் இதுதான்.

அவரைப் பார்த்தாள். மனிதர் தலை குனிந்திருந்தார். காதோரம் நன்றாக நரைத்துவிட்டது. கோபம் வரும் என்றுதான் நினைத்தாள், பாவமாக இருந்தது. இவருக்கும் வீட்டில் பிள்ளை குட்டி இருக்கும். மேலதிகாரி முன்னால் ஒருத்தர் மானத்தை வாங்கித்தான் நமக்கு வேலை கிடைக்கணுமா?

"வந்து... ஏசி ரிமோட்டுக்காகச் சண்டை போட்டிருக்கேன் மேடம்."

"என்னது?"

"பக்கத்து சீட்டுல இருந்தவங்களுக்குக் குளிர் ஆகாது. எனக்குப் புழுக்கம் ஆகாது. ரிமோட்டை ஒளிச்சு வெச்சுட்டேன். கொஞ்ச நாள் பேச்சு வார்த்தையே இல்லை."

"அப்புறம் எப்படிச் சமாதானம் ஆச்சு?"

"ஏசியே ரிப்பேர் ஆயிடுச்சு மேடம்."

மேனேஜர் அம்மா சிரித்துவிட்டார். அவளுக்கோ அழுகை முட்டியது. வாத்தியாரின் நாலு பாகத்தில் ஒரு பாகம்கூடத் தேறாது. வேலை போயே போச்சு.

"சரி, நீங்க எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?"

இனி என்ன இருக்கிறது, கேட்டுவிடுவோம். "எல்லா இடத்துலயும் நடுவுல விட்ட இடைவெளியைப் பார்த்தே ஒதுக்கிட்டாங்க. நீங்க மட்டும் எப்படிக் கூப்பிட்டீங்க மேடம்?"

மேனேஜர் அம்மா பக்கத்தில் திரும்பினார். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நீங்களே சொல்லுங்க மேடம்" என்றார் சர்க்கரை.

"போன வருஷம் இவர் இங்க வேலைக்கு வந்தப்போ, நீங்க செஞ்ச பெரிய தப்பு என்னன்னு கேட்டேன். எல்லாரும், 'வேலைன்னு வந்துட்டா சாப்பாடு தூக்கம் மறந்துடும், அதுதான் என் தப்பு'ன்னு கதை விடுவாங்க. இவர், 'டீம்ல ஒரு பொண்ணு எழுதின ஆப்பை நான் எழுதினதாச் சொல்லிப் பதவி வாங்கினேன். அந்தப் பொண்ணு என்னை ஒரு வார்த்தை கேக்கலை. அது இன்னும் உறுத்துது'ன்னார். போன மாசம், ஒதுக்கி வெச்ச விண்ணப்பங்கள்ல உங்களோடதைப் பார்த்துட்டு, 'இவங்கதான் அந்தப் பொண்ணு'ன்னு என்கிட்ட ஓடி வந்தார். இன்னிக்கு நீங்க அந்தக் கதையைத்தான் சொல்வீங்க, நேர்ல உக்காந்து கேட்டுக்கிறேன்னு அவரே கேட்டு வந்தார்."

அவள் தண்ணீர் டம்ளரை எடுத்தாள். ஒரே மடக்கில் குடித்தாள்.

"தேர்வுல உங்க மார்க்கைப் பார்த்தேன். இப்போ உங்க மனசையும் பார்த்துட்டேன். திங்கட்கிழமை வந்துடுங்க."

தெருவுக்கு வந்ததும் போன் அடித்தது. வாத்தியார்தான்.

"என்ன ஆச்சு? சர்க்கரை கதையை ஒழுங்காச் சொன்னியா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நான் சொல்லவே இல்லைங்க. சர்க்கரையே அதைச் சொல்லி எனக்கு வேலை வாங்கிக் குடுத்துட்டார்!"