தவிட்டுக்கு வாங்கியவள்

"என் கைல குடுக்காதடா. நான் ஆசையா தொட்டது ரெண்டும் தங்கல. இதுவாவது பொழச்சிக் கெடக்கட்டும்."

யோகலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருத்தணி மலையடிவாரத்தில் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி தணிகைமணியின் மடியில் அவளுடைய இரண்டு மாதப் பெண் குழந்தை கொட்டாவி விட்டது.

தணிகைமணி ராணுவத்தில் இருக்கிறான். கல்யாண விஷயத்தில் நைனாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன், இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் அம்மையார்குப்பம் வீட்டு வாசலை மிதித்திருக்கிறான். அதுவும் அக்காவுக்காக.

"அக்கா, ரெண்டாவது போனப்ப நான் பனியில காவல் நின்னுகினு இருந்தேன். லீவு கெடைக்கல. துப்பாக்கியப் புடிச்சிகினே அழுதேன். உன்னால போகலக்கா. டாக்டரே சொன்னாங்க இல்ல?"

"டாக்டர் சொன்னா மனசு கேக்குதா?"

"கேக்காதுதான். அதுக்குத்தான நைனா ஒரு வழி சொல்றாரு."

நைனா பரந்தாமன் பக்கத்திலேயே முறத்தோடு தயாராக நின்றார். 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று வீட்டுக்கு வீடு பிள்ளைகளைச் சீண்டுகிறோமே, அந்தச் சடங்கேதான். பிள்ளை தங்காத வீட்டுக் குழந்தையை வேறொருத்தி தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். பிறகு, வளர்த்துத் தரச் சொல்லிப் பெற்றவளிடமே ஒப்படைப்பாள். அடுத்தவள் பிள்ளை என்று எமன் ஏமாந்து திரும்பிவிடுவானாம்.

"வாங்கறவ நமக்கு ஒட்டும் உறவும் இல்லாதவளா இருக்கணும். அதான் மொற" என்றார் நைனா கண்டிப்பாக.

"ஆங், அப்படி ஒருத்தங்கள இட்டுகினு வரேன்."

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்து போன தணிகைமணி, மலைப்படிப் பக்கமிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்தான். அவள் தயங்கவே இல்லை. பையிலிருந்த தவிட்டை முறத்தில் கொட்டினாள். குழந்தையை வாரி எடுத்து உச்சி முகர்ந்தாள். பிறகு யோகலட்சுமியிடம் நீட்டினாள்.

"இது என் பொண்ணு. எனக்காக வளத்துக் குடுங்க."

யோகலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க பொண்ணுதாங்க. பத்தரமா பாத்துக்கறேன்."

பால் கொடுக்கும் நேரம் தவிரக் குழந்தையைத் தொடாதவள், அதை மார்போடு அணைத்து மாறி மாறி முத்தம் கொடுத்தாள். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

நைனாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இனிமே இதுக்கு நீதாம்மா தாய். காதுகுத்துலருந்து கல்யாணம் வரைக்கும் எங்க வூட்ல மொத மரியாத உனக்குத்தான். அந்த முருகன் மேல சத்தியம். உம் பேரு இன்னாம்மா?"

அவள் தணிகைமணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். "ப்ளெஸ்ஸிங்க."

நைனாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "எந்த ப்ளெஸ்ஸி?"

"ஒட்டும் கெடையாது, உறவும் கெடையாது, அவ மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டேன்னு ரெண்டு வருஷமா சொல்லிகினு இருக்கீங்களே, அந்த உங்க மருமகதான் நைனா" என்றான் தணிகைமணி. "இவள விட்டா மொறைப்படி வேற யாரு கெடைப்பா, சொல்லுங்க?"

நைனா மலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு மகனிடம், "ரெண்டு ஆட்டோவா புடிடா, மருமக நெருக்கிகினா வருவா?" என்றார்.