தோப்புக்கரணப் பரிசோதனை

நெற்றியில் திருமண் பளிச்சிட, டாக்டர் சௌரிராஜன் பிள்ளையார் படத்துக்குச் சாமந்தி மாலை போட்டு, ஊதுபத்தியும் ஏற்றிவைத்தார். ஸ்ரீரங்கத்து வீட்டில் தெரிந்தால் அவரை உள்ளே சேர்ப்பார்களா என்பது சந்தேகம்தான்.

பக்தியெல்லாம் ஒன்றுமில்லை. யுத்தத்தில் முட்டி போச்சு, மடங்கவில்லை என்று பென்ஷன் கேட்டு வரும் பழைய சிப்பாய்களுக்கு அவர் வைத்த பொறி அது. திருச்சிக்காரனுக்குப் பிள்ளையாரைக் கண்டால் கை தானாகக் காதுக்குப் போகும், முட்டி தானாக மடங்கும். காலையிலிருந்து மூன்று பேர் நொண்டிக்கொண்டே வந்து, ஜோராகத் தோப்புக்கரணம் போட்டு, வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள்.

இன்றோடு டாக்டருக்கு ரிடையர்மெண்ட். முப்பது வருஷ சர்வீஸில் ஒரு போலி நொண்டிகூட அவரைத் தாண்டிப் போனதில்லை. அந்தப் பெயரோடு வீடு போய்ச் சேர வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தார்.

"கடைசி ஆள் சார், உப்பிலியபுரம் பிச்சைமுத்து" என்றார் கம்பவுண்டர் தர்மராஜ். "பர்மா சண்டையில வலது முட்டியில குண்டு. நேத்து கேம்ப்புக்கே வந்திருக்கணும். ஞாயித்துக்கிழமை தோதுப்படாது, திங்கக்கிழமை வரேன்னு லெட்டர் போட்டிருந்தாரு."

"பலே! சர்க்கார் கூப்பிட்டா இவர் நாள் பார்ப்பாரோ? திருடன்தான், சந்தேகமே இல்லை. வரச்சொல்லும்!"

உலக்கையாய் விறைத்த காலை இழுத்துக்கொண்டு பிச்சைமுத்து வந்தார். படத்தைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார்.

"பிள்ளையாரைப் பார்த்தியாப்பா?"

"பாத்தேங்கய்யா. மாலை நல்லா இருக்குதுங்க."

டாக்டர் கற்பூரம் கொளுத்தினார், மணி அடித்தார். ஆள் அசையவில்லை. கடைசியில் வீம்பு தலைக்கேறி, தன் காதுகளையே பிடித்துக்கொண்டார். அவர் பரம்பரையில் யாரும் செய்யாத காரியம். ஒன்று, இரண்டு, மூன்று என்று தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார். ஒருவர் போட்டால் பக்கத்தில் இருப்பவனுக்கும் முட்டி துறுதுறுக்கும் என்பது அவர் கணக்கு. தர்மராஜ் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

பன்னிரண்டாவதில் உட்கார்ந்த டாக்டரால் எழுந்திருக்க முடியவில்லை. பிச்சைமுத்துதான் விறைத்த காலை நகர்த்தி வந்து, கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"பாத்துங்கய்யா, வயசான முட்டி."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "சத்தியமான காலய்யா இது! சந்தேகப்பட்ட நான்தான் மகாபாவி!" என்று மூச்சிரைக்கச் சொல்லி, ஆயுள் முழுக்கப் பென்ஷன் கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிச்சைமுத்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டே வெளியே போனார்.

டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொய்யனையும் கண்டுபிடித்தாயிற்று, மெய்யனையும் கண்டுபிடித்தாயிற்று.

"பார்த்தீரா தர்மராஜ்? முப்பது வருஷம்! ஒருத்தன் என்னை ஏமாத்தினதில்லை. பாவம், அந்தக் காலை வெச்சிண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எப்படிப் போவான்? ஓடிப்போய் ஒரு ஜட்கா பிடிச்சு ஏத்திவிடும்."

தர்மராஜ் ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தார். தோள் இரண்டும் குலுங்கின.

"என்ன ஓய், போயிட்டானா?"

"இல்ல சார். எதிர்த்தாப்ல மாதா கெபியில முட்டி போட்டு ஜெபம் பண்ணிக்கிட்டிருக்காரு."