கொட்டாத மணல்

பெட்ரோல் தட்டு தீப்பிடித்தபோது மாமா பட்டறைப் பள்ளத்துக்குள் இருந்தார்.

பள்ளத்தின் மேல் பழுதான வேன் நின்றது. ஏறி வருவதற்குப் படி ஒன்றுதான் வழி. உதிரிபாகம் கழுவும் அந்தத் தட்டைப் படியின் தலைமாட்டில்தான் வைத்திருந்தோம். தட்டை ஒட்டி எண்ணெய்ப் பீப்பாய்கள்.

பொறி எங்கிருந்து வந்தது என்று நான் பார்க்கவில்லை. இரும்பு அறுக்கும் கிரைண்டராக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது.

தீயணைக்க மணல் நிரப்பி மாட்டியிருந்த சிவப்பு வாளிக்குப் பக்கத்தில் நான்தான் நின்றேன். கொக்கியிலிருந்து எடுத்தேன். அடியில் ஒரு கை, விளிம்பில் ஒரு கை. தட்டுக்கு நேராகப் பிடித்தேன். அதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

அதன்பின் கை அசையவில்லை.

"கொட்டுடா மாப்ள! என்ன பாத்துட்டு நிக்கிற?"

பள்ளத்திலிருந்து மாமா, என் அக்காவின் கணவர். தீ வெளிச்சத்தில் அவர் நெற்றி மட்டும் தெரிந்தது.

கொட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. என் கைக்குத் தெரியவில்லை.

மீசை என்று நாங்கள் கூப்பிடும் தலைமை மெக்கானிக்தான் ஓடிவந்து, சுவரில் சாய்த்திருந்த தகரத்தை இழுத்துத் தட்டின் மேல் போட்டு அமுக்கினார். தீ அடங்கியது. தட்டுக்கு வெளியே, என் காலருகே, தரையில் சிந்தியது மட்டும் கொஞ்சம் எரிந்துகொண்டிருந்தது.

"வாளியப் புடிச்சிக்கிட்டு போட்டோவுக்கு நிக்கிறான் பாரு. இந்த லட்சணத்துல தீயணைக்க மாலை வகுப்பு வேற!"

மீசை சொன்னதும் யாரோ சிரித்தார்கள்.

வாளி லேசாகச் சாய்ந்தது. விளிம்பிலிருந்து மணல் கொஞ்சம் சரிந்து, தரையில் எரிந்ததன் மேல் விழுந்தது.

மணல் எரிந்தது.

ஸ்டவ் திரி போல, நிதானமாக.

சிரிப்பு நின்றது.

தரையில் டீசலோ பெட்ரோலோ சிந்தினால் இந்த வாளி மணலைத்தான் தூவுவோம். ஊறியதும் கூட்டி அள்ளி, எதற்கு வீணாக்குவது என்று, இதே வாளியில் போட்டுவிடுவோம். பெரும்பாலும் மீசைதான் போடுவார். அதைத் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை.

மீசை பூட்ஸ் காலால் அதை மிதித்து அணைத்தார். தலையைத் தூக்கவில்லை.

மாமா படியேறி வந்தார். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாளியை வாங்கினார். முகர்ந்து பார்த்தார். பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தார். வாளியைக் கொண்டுபோய் வெளியே வெட்டவெளியில் வைத்துவிட்டு வந்தார்.

"வாடைய வச்சுக் கண்டுபுடிச்சிட்டியா? அதான் கொட்டாம நிறுத்துனியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மீசையும்.

"வகுப்புல சொன்னாங்க மாமா."

"உங்கக்காகிட்ட மூச்சு விட்றாத. அவளுக்குச் சோறு எறங்காது." சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்தார். பிடித்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

வகுப்பில் சொன்னது வேறு. எண்ணெய்த் தீ என்றால் யோசிக்காமல் மணலைக் கொட்டு.

கேள்வி கேட்டபோது அதைத் தயங்காமல் சொன்னதற்கு அங்கே எனக்குக் கைதட்டினார்கள்.